மாதேஸ்வரிக்குக் கிடைத்த அவகாசம்

மாதேஸ்வரியின் அப்பா மாதப்பன் மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து பதினைந்து வருஷமாகியும் அவருடைய கன்னடம் மணல், தண்ணீர், கூலி இவற்றைத் தாண்டவில்லை. மகளோ கனவே கன்னடத்தில்தான் காண்பாள்.

பாலிஷ் பொடி அவருடைய நகங்களை அரித்திருந்தது. அது என்ன பொடி என்று சின்ன வயதில் கேட்டபோது, "பாலிஷ் பொடிதான் கண்ணு" என்றார். பி.யு.சி. ஆய்வகத்தில் அதே வெள்ளைப் பொடி ஆக்சாலிக் அமிலம் என்ற பெயரோடு புட்டியில் இருந்தது. அன்றைக்குப் பிடித்தது அவளுக்குக் கெமிஸ்ட்ரிப் பைத்தியம். படித்தால் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, இல்லாவிட்டால் ஊதுபத்தி உருட்டப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா பொன்னம்மாவுக்கு இரண்டாவதே சம்மதம்.

1996 ஜூலையில் கல்லூரியின் காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் வந்தது. அதே வாரம் அவளுக்கு அம்மையும் போட்டது. மூன்று தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்டக் கூடாது. அதனால் அப்பாவே வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனார். வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"அவகாசம் இருக்குதாம் கண்ணு! கிளார்க்கே சொன்னாரு. ஒடம்பு தேறட்டும், நிதானமாப் போலாம்."

வேப்பிலைப் படுக்கையில் மாதேஸ்வரி நிம்மதியாகத் தூங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் இருவரும் போனார்கள். சேர்க்கை முடிந்திருந்தது. அந்த இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்து ஒரு வாரமாகிறது என்றார் கிளார்க். மாதப்பன் மேஜையைத் தட்டினார்.

"அவகாசம் இருக்குதுன்னு சொன்னீங்களா இல்லியா?"

கிளார்க்குக்கும் கோபம். "ஹௌது! ஆவத்தே ஹேளிதெனல்லா, அவகாச இதெ அந்தா!" ஆமாம், அன்றைக்கே சொன்னேனே என்கிறார்.

"பாத்தியா கண்ணு, அவரே ஒத்துக்கறாரு!" என்று அப்பா மகளைப் பார்த்தார்.

மாதேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. கன்னடத்தில் அவகாசம் என்றால் வாய்ப்பு. இடம் இருக்கிறது என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். நாள் இருக்கிறது என்று இவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. யாரையாவது திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் ஆளில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, இது காதுக்கு எட்டியும் கெட்டது.

அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பத்தொன்பது வயதில் யாரால் முடிகிறது? அக்ரஹாரம் பஸ் ஸ்டாப்பில், நாலு பேர் பார்க்க, கத்தினாள்.

"அவகாசம்னா டைம் இல்லீங்கப்பா, சீட்டு! இதுகூடத் தெரியாம இத்தனை வருஷமா இந்த ஊர்ல என்னதான் பண்ணுனீங்க?"

என்ன செய்தாரா? மைசூரில் பாதி வீடுகளின் தரையை முழங்காலில் நின்று தேய்த்தார். அதை அவர் சொல்லவில்லை.

அந்த வருஷம் முழுவதும் அவள் ஊதுபத்தி உருட்டினாள். விடிந்தால் ஏன் விடிந்தது என்றிருந்தது. அப்பாவைப் பார்த்தால் அதைவிட மோசம். கடையில் அரிசியை விரலால் காட்டி வாங்கினார். வேலை சொல்லும் இடத்தில் பேசுவதற்கு இன்னொரு ஆளை முன்னால் அனுப்பினார். இருந்த நாலு கன்னட வார்த்தையும் போயிற்று. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வாக்கியம் போதும். அது அவளுக்கு வாயில் வரவே இல்லை.

அடுத்த ஜூலையில் மறுபடி விண்ணப்பித்தாள். அப்பா கூட வந்தார், கல்லூரி கேட்டோடு நின்றுகொண்டார்.

"நான் வரல கண்ணு. நீயே போ."

அரை மணி நேரத்தில் ஓடி வந்தாள். "கெமிஸ்ட்ரி கெடச்சிருச்சுங்கப்பா!"

அவர் சிரிக்கவில்லை. பயந்துபோய் அவள் முகத்தையே பார்த்தார்.

"நல்லாக் காதுல வாங்குனியா? இன்னொருக்காப் போய்க் கேட்டுட்டு வந்துரு."

மாதேஸ்வரி திரும்ப உள்ளே போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கிளார்க்கிடம் இரண்டாம் முறை கேட்டாள்.