விரிசலுக்கு முன்னால் தலைவர்

செயலாளரம்மாவுக்கு முட்டிவலி. சரிவில் ஏற ஏற அது உயிரை வாங்கியது. நிலவியலாளர் சங்கத்தின் செயலாளர் பதவியும் அப்படித்தான். வேறு யாரும் சீண்டாததால் அவர் தலையில் விழுந்தது, இன்றுவரை இறங்கவில்லை.

கல்லூரி ஆய்வகத்துக்குப் பின்னால் ஓர் அறையில், பாறைத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு நாலு நண்பர்கள் தொடங்கிய சங்கம். பிறகு இதழ் வந்தது, கருத்தரங்கு வந்தது, தயங்கித் தயங்கிப் பெண்களும் வந்தார்கள். அவருடைய முதல் களப்பயணத்தில் "வெயில் தாங்குவியாம்மா?" என்றார்கள். சுத்தியலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தவர் அவர். ஒன்று மட்டும் மாறவில்லை. யார் மனமும் நோகக் கூடாதென்று அந்த நண்பர்கள் வகுத்த விதி: ஒருவர் மறுத்தாலும் சங்கத்தின் பெயரில் அறிக்கை போகாது. பூமியைக் கரைத்துக் குடித்த சங்கம், அதன்மேல் வாழ்கிறவர்களுக்காக ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

இந்தச் சரிவின் அடியில் குவாரித் தொழிலாளர்களின் வீடுகள். வீடு என்றா சொல்வது? தகரமும் தார்ப்பாயும். மேலே நீளமாக ஒரு விரிசல். மழைக்கு முன் அவர்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். சங்கம் சொன்னால்தான் அதிகாரிகள் காதில் ஏறும். செயலாளரம்மா கூட்டத்துக்குக் கூட்டம் அறிக்கை கேட்டார். "தரவு போதாது" என்றார் தலைவர். அந்தக் குவாரிக்கு ஆலோசகரே அவர்தான்.

"கோடி வருஷக் கணக்கு பாக்கற ஆளுங்க" என்று கணவர் சிரித்தார். "இந்த மழைக்குள்ள பதில் வேணும்னா எப்படிம்மா?"

அதனால்தான் ஆண்டுக் களப்பயணத்தை இங்கே வைத்தார். எங்கே நின்றாலும் தலைவர்தான் முதலில், கண்டதைக் கண்டபடி உரக்கச் சொல்ல வேண்டும். அது சங்க வழக்கம்.

உறுப்பினர்கள் லென்சும் கையுமாக மண்டியிட்டார்கள். தலைவர் சுத்தியலின் பிடியை விரிசலுக்குள் விட்டார். முழுசாகப் போயிற்று. கீழிருந்து பெண்கள் ஏறி வந்து நின்றார்கள்.

"சொல்லுங்க சார்" என்றார் செயலாளரம்மா.

தலைவர் செருமினார். "விரிசல் திறந்திருக்கு. வேரெல்லாம் அறுந்திருக்கு. அறுந்த முனை புதுசு."

"புதுசுன்னா?" இடுப்பில் குழந்தையோடு நின்றவள் கேட்டாள். "இன்னும் நகருதுங்களா?"

பழக்கம் அவரை முந்திக்கொண்டது. "நகருது."

"இந்தத் தரவு போதுமா சார்?" என்றார் பின்னாலிருந்து ஓர் உறுப்பினர். சிரிப்பு எழுந்தது. தலைவர் சிரிக்கவில்லை. செயலாளரம்மாவைத் தனியாக அழைத்துப் போனார்.

"அறிக்கை போகட்டும், நான் மறுக்கல. குவாரி வெடிங்கற பேச்சு மட்டும் அதுல வேணாம்மா."

அந்த வெடிதான் மலையைப் பிளந்தது. அதை எடுத்துவிட்டால் பழி மழையின்மேல் விழும்; குவாரிக்காரன் கை கழுவிக்கொள்வான். செயலாளரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. குழந்தைக்காரி இன்னும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துடறேன். முதல்ல ஜனங்க மாறட்டும். அடுத்த கூட்டத்துல அந்த வெடியோட வர்றேன்."

"நீங்க ஓயவே மாட்டீங்களாம்மா?"

"எப்பவோ ஓஞ்சாச்சு சார். கொஞ்சம் கை குடுங்க, இறங்கணும்."