சோடி சோடியாக எண்ணிய படகு

இன்பநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு களஞ்சியத்தில் இருபத்தாறு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மனைவி பிரிந்து கோல்டிங்குக்குப் போய் நாலு வருடம். மகள் ஜெனனி ஓகூஸில் தாதி. எடுக்காத விடுமுறை சேர்ந்துவிட்டது, எடுத்தே ஆகவேண்டும் என்று மேலாளர் சொன்னதால்தான் ஜனவரியில் ஒரு டேனிஷ் சுற்றுலாக் குழுவோடு கம்போடியாவுக்குப் போனார். குழுவில் ஒன்பது சோடிகள். பத்தொன்பதாவது ஆள் அவர்.

ஐந்தாம் நாள் தொன்லே சாப் ஏரிக்குப் படகில் கூட்டிப்போனார்கள். மழைக்காலத்தில் அந்த ஏரி பெருகி, காட்டையும் வயலையும் மூடிவிடும். அதனால் அங்கே வீடுகளெல்லாம் உயரமான மரக்கால்களில் நிற்கின்றன. இப்போது தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. கால்களில் ஆளுயரத்துக்கு மேலே சேறு காய்ந்திருந்தது. படகில் இருவர் இருவராக இருந்தார்கள். இன்பநாதன் கடைசியில், தண்ணீர்ப் போத்தல் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார்.

கிராமத்தில் அரைமணி நேரம் கொடுத்தார்கள். மற்றவர்கள் பள்ளிக்கூடத்தைப் படமெடுக்கப் போக, அவர் ஒரு வீட்டின் கீழே நின்றுவிட்டார். அங்கே ஒரு பெண் குச்சியில் கோத்த மீன்களைப் புகையில் வாட்டிக்கொண்டிருந்தாள். நேரம் போனது தெரியவில்லை. திரும்பி ஓடியபோது துறையில் படகு இல்லை. கைபேசி, பேருந்தில் விட்ட பைக்குள். வழிகாட்டி சோடி சோடியாக எண்ணிப் பார்த்துவிட்டுப் படகை எடுக்கச் சொல்லியிருந்தான்.

அந்தப் பெண்தான் கையசைத்துக் கூப்பிட்டாள். ஒரு முக்காலியைத் தட்டிப் போட்டாள். சோறும் மீனும் தந்தாள்.

"எங்கட ஆக்கள் விட்டுட்டுப் போட்டினம், தங்கச்சி," என்றார்.

தமிழ் பேசி ஒரு கிழமையாகியிருந்தது. அவள் தன் பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவருக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டி, சோடி எங்கே என்பதுபோல் அவள் இரண்டு விரலை உயர்த்தினாள்.

"இல்லை. மனுசி விட்டுட்டுப் போட்டா. நான் அழேல்லை. ஆருக்கும் சொல்லவுமில்லை. வீட்டில ஒரு கோப்பைதான் கழுவுறன், தங்கச்சி."

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துப் படகு வந்தது. ஆளில்லாத இருக்கையில் பை கிடந்ததைப் பேருந்துச் சாரதி கண்டு சொல்லும்வரை ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. வழிகாட்டி கைகூப்பினான். பேருந்தில், ஐந்து நாளாக முன்னிருக்கையில் வந்த மாக்கிரட் திரும்பி, "நீங்கள் பின்னால் இருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தோம்," என்றாள் டேனிஷில்.

"பரவாயில்லை," என்று அவரும் டேனிஷில் சொன்னார்.

ஹோர்சன்சுக்குத் திரும்பிய மறுநாள் ஜெனனி அழைத்தாள். பயணம் எப்படி என்று டேனிஷில் கேட்டாள்.

"நல்லாயிருந்தது, பிள்ளை. ஒரு மனுசி சோறு தந்தவ." சற்று நின்று, "என்னை விட்டுட்டுப் போட்டாங்கள்," என்றார்.

மறுமுனையில் அவள் சிரித்தாள், பகிடி என்று நினைத்து. பிறகு, பஸ் வந்துவிட்டது, வைக்கிறேன் என்றாள்.

"ஓம், கவனமாப் போ," என்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு வேலை.