கத்துகிற பெட்டிகள்

சுரங்கத்துக்குள் காற்று கெட்டுப்போனால் மனிதனுடைய மூக்குக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கவென்று ஒரு கையடக்கப் பெட்டி இருக்கிறது, அந்தப் பெட்டி சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில். எண்பதுகளின் கடைசியில் லண்டன் வெம்பிளியில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். அளவு தெரிந்த மீத்தேனைச் சிலிண்டரிலிருந்து ஊதி, அந்த வாயுமானி அதே அளவைக் காட்டுகிறதா, ஆபத்தென்றால் கத்துகிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்புவேன். திருத்துகிற வேலை பார்ப்பவர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும்: சோற்றில் கைவைக்கிற நேரம் பார்த்து, 'அந்த ஆணியை இறுக்கினேனா?' என்று மனம் கேட்கும்.

மாறிப்போன சிலிண்டர்

ஒரு மத்தியானம் சாப்பிட எழும்பியவன், சிலிண்டரில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். முந்தின நாள் நான் ஊதியது அளவு கூடின வாயு. அதைக் குறைந்த அளவென்று நினைத்து எட்டு மானிகளைச் சரிசெய்திருக்கிறேன். அப்படியென்றால் எட்டும் இருப்பதைவிடக் குறைத்தே காட்டும். கத்தவேண்டிய நேரத்தில் பேசாமல் இருக்கும். அவை வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் என் விசா இழுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. இந்த வேலையும் போனால்? மனேஜர் வெளியே போயிருந்தார். நானே சுரங்கத்துக்குப் போன் எடுத்து, அங்கே பாதுகாப்பு அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லி, "பிழை என்னுடையது. தயவுசெய்து ஆட்களை மேலே எடுங்கள்" என்றேன். அவர் உடனே போனை வைத்துவிட்டார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே இரண்டு மணித்தியாலம் போனுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

போன் அடித்தது; அதே அதிகாரி. எல்லோரும் சுகமாக மேலே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு ஷிப்ட் வீண். ஏசப்போகிறார் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அவர் சொன்னார்: "முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பிழைவிட்ட ஆளே போன் பண்ணிச் சொன்னது இதுதான் முதல் தடவை. இனி எங்கள் மானிகளை நீங்களே பாருங்கள்."

ஒருக்கால் கேட்கவேண்டும்

அதே சுரங்கத்தில் வேலை செய்த ஒருவர், லண்டனில் ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில், மனைவியையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். சில மாதங்களுக்கு முன் அவருடைய மானி கத்த, அவரும் கூட்டாளியும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே நடந்திருக்கிறார்கள். அவர்கள் நின்ற இடம் முழுக்க மீத்தேன் நிறைந்துவிட்டதாம். அவர்கள் வந்த நாளில் அந்த மானி சோதனைக்காக என் மேசையில்தான் இருந்தது.

"அந்தச் சத்தத்தை நான் ஒருக்கால் கேட்கவேண்டும்" என்றார் மனைவி. வாயுவை ஊதினேன். அது போட்ட அலறலில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த அம்மா காதைப் பொத்தவில்லை. கணவனுடைய கோட்டுக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது ஓயும்வரை கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இவருடைய குறட்டையோடு பார்த்தால் இது சங்கீதம்."

பெயர்ப் பலகை

தொண்ணூறுகளில் லண்டனிலேயே ஒரு சுரங்கப்பாதை தோண்டினார்கள். உள்ளே வாயுமானி பொருத்த நானும் ஜெயந்தனும் போனோம். ஜெயந்தன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பட்டறையில் சேர்ந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கீழே இறங்குகிற கூண்டுக்கு முன்னால் கால் எடுத்து வைக்கமாட்டாமல் நின்றார். "அண்ணை, எனக்கு ஏலாது." ஊரில் போர்க்காலத்தில் செல்லடிக்குப் பயந்து குடும்பத்தோடு பங்கர்க் குழிக்குள் இருந்தபோது, மண் சரிந்து வாசல் மூடி, ஒரு பகல் முழுக்க உள்ளே கிடந்தவர் அவர். அதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்.

நான் வற்புறுத்தவில்லை. கூண்டடியில் ஒரு பலகை இருந்தது. கீழே போகிற ஒவ்வொருவருடைய பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன விளக்கு எரியும், அவர் மேலே வந்தபிறகுதான் அணையும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஐரிஷ் பெண்மணி ஜெயந்தனுடைய பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். "இது எரிகிறவரைக்கும் இந்தக் கதிரையைவிட்டு எழும்பமாட்டேன்" என்றார். ஜெயந்தன் என் தோளைப் பிடித்தபடி இறங்கினார். வேலையை முடித்துவிட்டு மேலே வந்தபோது அந்தப் பெண்மணி அதே கதிரையில் இருந்தார். ஜெயந்தன் தன் பெயரின் விளக்கு அணைவதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பங்கருக்குள்ள நாங்கள் கிடந்தது ஒருத்தருக்கும் தெரியாது அண்ணை. இஞ்ச ஒரு மனுசி என்ரை பேரைப் பாத்துக்கொண்டே இருந்திருக்கு."

இந்த வேலையை நான் சரியாகச் செய்த நாட்களில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் பெருமையாகச் சொல்லவேண்டியிருக்கிறது.