பதினாலு பேர் தேய்த்த கார்டு

எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் குணசுந்தரி முதலில் அதைக் கவிழ்ப்பாள். பிஸ்கட் பொட்டலத்தின் முன்பக்கத்துப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. ஒரு திருப்புத் திருப்பி, ஒட்டியிருக்கும் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவி, அங்கே மங்கலாகக் குத்தியிருக்கும் தேதியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, உதடு அசைய ஒருமுறை படிப்பாள். பிறகு எடை, பிறகு விலை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடப் பின்னால் அச்சகத்தின் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை யாரென்று பார்ப்பாள். "நல்லவேள, பொண்ணு பாக்கப் போனன்னிக்கு என்னக் கவுத்துப் போட்டுப் பாக்காம உட்டா" என்று அவள் புருஷன் மணவாளன் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

கும்மிடிப்பூண்டியில் லாரிகளுக்கு ஒயர்க் கட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தொரு வருடமாக அவள் ஸ்டோர்ஸ் கிளார்க். அங்கே தொற்றிக்கொண்ட பழக்கம் இது. கேட்டுக்குள் ஒரு பெட்டி ஆணி வந்தாலும் அவள் எண்ணி, வரவு நோட்டில் பதிந்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே போக முடியும். சரியில்லாத சரக்கைத் திருப்பி அனுப்பினால் அதற்கு ரிஜெக்‌ஷன் நோட்டு என்று தனியாக ஒன்று. வரவு வரவோடு, திருப்பியது திருப்பியதோடு. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் கழிப்பது கிடையாது.

போன வருடம் ஜூனில் ஒரு வங்கி, கம்பெனியோடு பேசி முடித்துக்கொண்டு, கிரெடிட் கார்டு விண்ணப்பங்களை அனுப்பியது. அதுவும் ஸ்டோர்ஸ் வழியாகத்தான் வந்தது. நீல உறைகள் ஒரு கட்டு, வெள்ளை உறைகள் ஒரு கட்டு. நீலம் மாடி ஆபீசுக்கு, வெள்ளை கீழே இருக்கும் பர்மனென்ட் ஆட்களுக்கு. மாடிக்கு உள்ளதை அனுப்பிவிட்டு, தன் பெயர் போட்ட வெள்ளை உறையைக் கவரைப்பேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், உள்ளே இருந்த விதிப் புத்தகத்தை இரண்டு சாயங்காலம் பென்சிலோடு உட்கார்ந்து படித்தாள். முதல் வருடம் கட்டணம் இல்லை. அதற்கப்புறம் வருடத்துக்கு ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது, அதன்மேல் ஜி.எஸ்.டி. வருடத்தில் ஒன்றரை லட்சம் செலவழித்தால் அந்தக் கட்டணமும் தள்ளுபடி. நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட். ஆன்லைன் விற்பனை நாட்களில் பத்து சதவீதம் கழிவு.

"ஒன்றர லட்சத்துக்கு நாம இன்னாத்த வாங்கப் போறோம்?" என்றான் மணவாளன். "ஊட்டுக்கு மாச மளிகையே நாலாயிரத்தத் தாண்டறதில்ல."

"நாம மட்டுந்தான் வாங்கணும்னு இதுல எங்க எழுதிக்கீது?"

அவள் மனதில் இருந்தது பேக்கிங் பகுதிப் பெண்கள். பதினாலு பேர். எல்லாரும் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆட்கள் செய்யும் அதே வேலைதான், அதே எட்டு மணி நேரம்தான். ஆனால் சம்பளம் கான்ட்ராக்டர் கையால் வரும். எந்த வங்கியும் அவர்களுக்குக் கார்டு கொடுக்காது. விற்பனை நாட்களில் போனில் ஒரு குக்கரைப் பார்ப்பார்கள். கார்டு இருந்தால் இந்த விலை, இல்லாவிட்டால் அந்த விலை என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். யாரிடம் காசு குறைவோ அவர்களிடம் அதிக விலை வாங்குவது என்ன நியாயம் என்று அப்போதே அவளுக்கு ஒரு கடுப்பு இருந்தது.

ஆக, குணசுந்தரியின் கார்டு பதினாலு பேரின் கார்டானது. அவர்கள் போனில் பொருளைத் தேர்ந்து காட்டுவார்கள். அவள் விலையை, எடையை, திருப்பி அனுப்பும் கெடுவைப் படித்துவிட்டு ஆர்டர் போடுவாள். ஏழாம் தேதிக்குள் காசு வந்துவிடும். ஒருத்திகூட ஒருநாள் தவறியதில்லை. பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்கள் என்பதால் பார்சல் எல்லாம் கம்பெனி கேட்டுக்கே, அவள் பெயருக்கே வரும்.

கேட்டில் செக்யூரிட்டி ஆதிநாராயணன். தடா பக்கத்துத் தெலுங்குக்காரர். "இன்னாம்மா, இன்னிக்கு ஆறு பொட்டி! இங்க வேலை பாக்கறியா, இல்ல ஒன் கடைக்கு நான் வேலை பாக்கறேனா?" என்பார். "டப்பு அவங்களது, பேரு ஒன்னுது. நாளைக்கு இன்கம்டாக்ஸ்காரன் வந்தா நான் ஒன்ன தெரியாதுன்னுடுவேன், சொல்லிட்டேன்."

ஒவ்வொன்றையும் அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் பதிந்தாள். ஸ்டோர்ஸில் எப்படியோ அப்படியே: வாங்கியது முன்பக்கத்திலிருந்து, திருப்பி அனுப்பியது பின்பக்கத்திலிருந்து. முதல் வருடம் முடிந்த மே முப்பத்தொன்றாம் தேதி முன்பக்கக் கூட்டல் ஒரு லட்சத்து ஐம்பத்துமூவாயிரத்து நானூற்று அறுபது. அன்று சாயங்காலம் கவரைப்பேட்டையில் ரயில் இறங்கும்போது அவளுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்திருந்தது.

ஜூன் பன்னிரண்டாம் தேதி பில் வந்தது. ஆண்டுக் கட்டணம், வரியோடு ஆயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு ரூபாய் எண்பத்திரண்டு காசு. ஜூலை இரண்டாம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஸ்டோர்ஸுக்குப் பின்னால் பெண்கள் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த இடத்திலேயே வங்கிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். பாட்டுக் கேட்டு, ஒன்பதை அழுத்தி, மறுபடி பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண்குரல் வந்தது.

"மேம், உங்க செலவு ஒரு லட்சத்து நாப்பத்தேழாயிரத்து எண்ணூத்தி அறுபதுதான் மேம். ரெண்டாயிரத்து நூத்திநாப்பது ரூபா ஷார்ட்டேஜ்."

"நோட்டு வெச்சிக்கினு பேசறேம்மா. ஒன்னு அம்பத்திமூணு நானூத்தி அறுபது."

"ரிட்டர்ன் பண்ணின ஐட்டம்ஸ் கவுன்ட் ஆகாது மேம். அது மைனஸ் ஆயிடும்."

குணசுந்தரி நோட்டைப் பின்பக்கம் திருப்பினாள். குக்கர், பள்ளிக்கூடப் பை, ஒரு புடவை, ஒரு ஜோடி ஷூ. நான்கும் சேர்த்து ஐயாயிரத்து அறுநூறு. கணக்கு நூலிழை பிசகாமல் இருந்தது. அதுதான் அதிக எரிச்சலாக இருந்தது.

"இத ஏம்மா அந்தப் பொஸ்தகத்துல போடல? நான் அட்டையிலேர்ந்து அட்டை வரிக்கும் படிச்சேனே?"

"வெப்சைட்ல இருக்கு மேம்."

"கார்ட விக்கும்போது மட்டும் கம்பெனி வரிக்கும் தேடி அனுப்புவீங்க. கண்டிஷன மட்டும் நாங்க தேடிக்கினு வரணுமா?"

"வேற எதாவது உதவி தேவையா மேம்?"

போனை வைத்துவிட்டாள். அவளுக்கு அந்தக் கோபத்தை எங்கேயாவது இறக்கியாக வேண்டியிருந்தது. கண் ஜெனிபர்மேல் போய் நின்றது.

"ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்தொம்பது ரூவா ஷூ. மே இருபத்தெட்டாந்தேதி திருப்பி அனுப்புன. அது ஒன்னு போவாம இருந்தா இன்னிக்கு இந்தப் பேஜாரே இல்ல."

ஜெனிபருக்குப் பேச்சு எப்போதும் நுனி நாக்கில்தான். அவள் புருஷன் பென்னி பக்கத்து உருக்கு ஆலையில் கம்பி வளைப்பவன். "காலு பத்தாம் நம்பரு, வந்தது எட்டாம் நம்பரு. ஒங் கார்டு கணக்குக்காவ அவரு வெரல வெட்டிக்கினு போடணுமாக்கா?"

சின்னப்பொண்ணு புரையேறிச் சிரித்தாள். பதினாலு பேரில் மூத்தவள் அவள். "வெட்டிட்டா ஷூவ அனுப்ப வேணாம், வெரல அனுப்பிடலாம்."

"சிரிங்கடி. கட்டப்போறது நான்."

"நீ மட்டும் எதுக்குக் கட்டுவ?" என்றாள் ஜெனிபர். கோபம் போகாத குரலில்தான் சொன்னாள். "நாங்கதான தேச்சோம். பதினாலால வகுத்தா ஆளுக்கு நூத்தியிருவத்தாறு. இந்தச் சம்பளத்துல வாங்கிக்க. ஆனா ஒன்னு கேக்கணும், தப்பா நெனக்காத. அந்தப் பாயிண்டு இன்னா ஆச்சு? எங்க காசுல ஏறுனது. இவளுங்க எல்லாம் ஒனக்கு கிரைண்டர் வரப்போவுதுன்னு பேசிக்கினுகீறாங்க."

பின்னால் இருந்த இரண்டு பேர் டப்பாவுக்குள் குனிந்துகொண்டார்கள்.

குணசுந்தரிக்கு முகம் சுட்டது. இத்தனை மாதம் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. போனைத் திறந்து பாயிண்டைக் காட்டினாள். ஆயிரத்து நானூற்று எழுபத்தெட்டு.

"அய்யோ, ஆயிரத்தி நானூறா!"

"பாயிண்டு ஒன்னு நாலணா. மொத்தம் முந்நூத்தி அறுவத்தொம்பது ரூவா அம்பது காசு. அதயும் ரெண்டாயிரம் பாயிண்டு சேந்தாத்தான் எடுக்க முடியும். கிரைண்டருக்கு மூடிகூட வராது."

சின்னப்பொண்ணு சோற்றுக் கையை அந்தரத்தில் நிறுத்தினாள். "ஒன்றர லட்சம் தேச்சதுக்கு முந்நூறா? அவன் நம்மகிட்ட ஆயிரத்தி எழுநூறு கேக்கறானா? இன்னாடி இது, திருடன் வந்து பஸ் காசும் கேக்கற மாதிரி!"

அன்று ராத்திரி குணசுந்தரி மணவாளனிடம் சொல்லவில்லை. நோட்டை எடுத்து வேறொரு கூட்டல் போட்டாள். பத்து சதவீதக் கழிவில் அந்தப் பதினாலு பேருக்கும் மிச்சமானது பதினோராயிரத்துச் சொச்சம். அதைப் பார்த்தால் கார்டு வைத்திருக்கத்தான் வேண்டும். தீபாவளி விற்பனை நாலு மாதத்தில் வருகிறது. ஜெனிபர் ஒரு வாஷிங் மெஷினைப் போனில் பார்த்து வைத்திருக்கிறாள் என்பதும் தெரியும். தான் கட்டினால் பிறர் லாபத்துக்குத் தன் காசு. அவர்கள் கட்டினால் கார்டு இல்லாத பாவத்துக்கு அவர்கள் காசு. எப்படிப் பார்த்தாலும் வங்கி கையை நீட்டிக்கொண்டு நின்றது.

ஜூன் இருபத்தைந்தாம் தேதி மறுபடி போன் போட்டாள். அதே இடம், அதே ஸ்பீக்கர். இந்தமுறை சுருக்கமாகச் சொன்னாள்: கட்டணத்தை எடுங்கள், இல்லாவிட்டால் கார்டை மூடுங்கள்.

மூடு என்ற சொல்லுக்கு இருந்த மரியாதை கணக்குக்கு இருக்கவில்லை. பாட்டே வரவில்லை. உடனே ஒரு ஆண்குரல், பழகியவன்போல.

"குணசுந்தரி மேம், நீங்க எங்க மதிப்புமிக்க கஸ்டமர். உங்களுக்காக ஸ்பெஷலா ஒரு ஆஃபர் இருக்கு. ஃபுல் ஃபீஸையும் ரிவர்ஸ் பண்ணிடறோம்."

பெண்களிடம் ஒரு சலசலப்பு. ஜெனிபர் கைதட்டியே விட்டாள்.

"இருடி" என்றாள் குணசுந்தரி. அவளுக்கு எதையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டுமே. "சும்மாவா?"

"சும்மாதான் மேம். அறுபது நாளுக்குள்ள ஒரு முப்பதாயிரம் மட்டும் ஸ்பெண்ட் பண்ணிடுங்க, போதும்."

குணசுந்தரி சுற்றிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது, பை, ஷூ, நோட்டு எல்லாம் வாங்கியாகிவிட்டது. இவர்களுக்கு இப்போது எதுவும் வேண்டாம். ஆனால் கேட்டால் வாங்குவார்கள். அக்காவுக்காக என்று ஒருத்தி ஃபேன் வாங்குவாள், ஒருத்தி வட்டிக்கு எடுத்து வாஷிங் மெஷினை இப்போதே வாங்குவாள்.

"தம்பி, மொதல்ல பேசுன பொண்ணு முடியாதுன்னுச்சு. மூடறேன்னதும் நீ முடியுங்கற. அப்ப அது சட்டம் இல்ல. வாய மூடிக்கினு கட்டறவன்கிட்ட வாங்கிக்கறது, அவ்ளோதான?"

"அப்படி இல்ல மேம்..."

"எங்க ஜனங்க வேணுன்னா வாங்குவாங்க. ஒங் கணக்கு நெறைய வாங்க மாட்டாங்க. மூடுப்பா."

"மேம், உங்க ரிவார்ட் பாயிண்ட்ஸ் எல்லாம் லேப்ஸ் ஆயிடும்."

"நீயே வெச்சிக்க. கிரைண்டருக்கு மூடி வாங்கு."

அவன் கட்டணத்தை நீக்கி, கார்டை மூடி, நன்றியும் சொன்னான். போன் அணைந்ததும் ஜெனிபர் எழுந்து போய்விட்டாள். வாஷிங் மெஷினுக்கு இனி முழு விலை. அதைத் தடுக்க குணசுந்தரியிடம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் பஸ் வரும்முன் ஜெனிபரே ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தாள். "கையாலதான் தொவச்சிக்கினுகீறேன், தொவப்பேன். ஆனா அவன நல்லா கேட்டக்கா" என்றாள். குணசுந்தரி ஒயர் வெட்டும் கட்டரை எடுத்து, ஜன்னல் விளிம்பில் வைத்துக் கார்டை நான்காக நறுக்கினாள். பிறகு, என்ன நினைத்தாளோ, கம்பெனியின் ரிஜெக்‌ஷன் நோட்டிலேயே ஒரு வரி எழுதினாள்: கார்டு, ஒன்று, சரக்கு சரியில்லை.

ஆகஸ்டில் மாடியிலிருந்து அக்கவுன்ட்ஸ் பார்த்திபன் பிரின்டர் மை வாங்க இறங்கி வந்தான். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "அந்தக் கார்ட மூடிட்டீங்களாமே, ஏன்?" என்றான்.

"வருஷக் கட்டணம் சார்."

"கட்டணமா?" அவன் பர்ஸிலிருந்து தன்னுடையதை எடுத்தான். அதே நிறம், அதே கோடு. அவள் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள், பின்பக்கமும் அதேதான். "நான் வருஷத்துக்குப் பத்தாயிரம்கூட இதுல தேய்க்கறதில்ல. எங்க யாருக்குமே கட்டணம் கிடையாதே. ஆயுசுக்கும் ஃப்ரீ. அந்த நீல உறைக்குப் பின்னாடியே போட்டிருந்ததே."

அவன் போன பிறகு போன வருட வரவு நோட்டை எடுத்து ஜூன் மாதத்தைத் தேடினாள். நீல உறை, பதினொன்று, மாடிக்கு. வெள்ளை உறை, அறுபத்துமூன்று, கீழே. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து. கட்டு வந்த நேரம் காலை பத்தேகால், மாடிக்கு அனுப்பிய நேரம் பத்தேமுக்கால். அந்த அரை மணி நேரமும் நீலக் கட்டு அவள் மேஜைமேல்தான் இருந்திருக்கிறது. அடுத்தவர் பெயர் போட்டது என்பதால் அவள் அதைத் திருப்பவில்லை.