அவள் கேட்ட நூல் சேலை

ஆரணிக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆசியச் சமயங்களை அறிமுகப்படுத்தும் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவந்தேன். சமணம் வரும் வாரத்தில் என் குரல் தானாகவே உயரும். நாம் படிக்கிற இடத்துக்குப் பள்ளி என்று பேர் வந்ததே சமணத் துறவிகள் தங்கிய பள்ளியிலிருந்துதான் என்பேன். கொல்லாமை பற்றி ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவேன். உடம்பில் இருப்பது எங்கள் வீட்டுத் தறியில் நெய்த பட்டு. மாணவர் யாரும் அதைக் கேட்டதில்லை, எனக்கும் உறைத்ததில்லை.

கேட்டவள் ஒருத்திதான். அதே கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்தவள்; பெரணமல்லூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். இருட்டில் பூச்சி எதுவும் சோற்றோடு போய்விடக் கூடாதென்று, பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டாள். தேர்வு வேலையில் நேரமாகிவிட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே டிபன் டப்பாவைத் திறப்பாள். "சூரியன் உனக்காக நிக்கப்போவுதா? ஜல்தி துன்னு" என்று கிண்டல் செய்வேன். அவளைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கூடப் பிறந்தவர்களும் கிடையாது. அதனால் நான் அவளுக்கு அக்கா ஆனேன்.

என் மகள் கல்யாணத்தில் தாம்பூலத் தட்டில் ஒரு பட்டுச் சேலை வைத்து அவளிடம் நீட்டினேன். வெற்றிலை பாக்கை மட்டும் எடுத்துக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"பட்டு வேணாம்னா எங்க வூடே வேணாம்னுதான அர்த்தம்?"

"உன்ன வேணாம்னா சொன்னேன்? புழுவ உயிரோட வேகவச்சு எடுக்கற பட்டு எனக்கு வேணாம்க்கா. உங்க தறியில ஒரு நூல் சேலை நெய்ஞ்சு குடு. சாவற வரைக்கும் கட்டிக்கறேன்."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அன்று தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டியிருந்தது பட்டுப் பாவு. அது முடிந்ததும் அடுத்த பட்டுப் பாவு ஏறியது. பருத்திக்காக ஒரு தறியை நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. அவள் வருஷத்துக்கு ஒருமுறை, "என் சேலை இன்னா ஆச்சு?" என்று கேட்பாள். ஆறு முறை கேட்டாள்.

போன மாசி மாதம், வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

எங்கள் வழக்கத்தில், சுமங்கலியாகப் போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வரவேண்டும். அது பட்டாக இருந்தால்தான் அவளுக்கு மரியாதை. அவளுக்குப் பிறந்த வீடு நான்தானே என்று அழுதுகொண்டே ஓடினேன். பீரோவில் இருந்ததிலேயே நல்லதாக, அரக்கு நிறத்தில் அகலச் சரிகை வைத்த சேலையை எடுத்துப் போய் என் கையாலேயே அவள்மேல் போர்த்தினேன். சுற்றி இருந்த பெண்கள் சட்டென்று அடங்கிப்போனார்கள். சேலையின் அழகுதான் அவர்களை வாயடைக்க வைத்தது என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய முட்டாள் யாராவது உண்டா? அவள் கணவர் சேலை ஓரத்தைத் தொட்டார். என் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு உட்கார்ந்தேன். என் கணவர் கேட்டார்:

"பீரோ தொறந்து கெடக்குதே, இன்னா சேலை எடுத்துகினு போன?"

"அரக்கு."

"அவங்கதான் பட்டே கட்ட மாட்டாங்களே!"

அவர் சொன்னபிறகுதான் எனக்கு அது உறைத்தது. அதற்குள் சிதை எரிந்து அடங்கியிருக்கும். இருக்கும்வரை அவள் தொடாததை, வேண்டாமென்று சொல்ல வாயில்லாதபோது அவள்மேல் போட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அவள் கணவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சுதாங்க விட்டேன். எடுங்கன்னு சொன்னா அங்கியே நீங்க ஒடஞ்சு பூடுவீங்க. புழுவுக்கே நோவக் கூடாதுன்னு இருந்தவ, அவ அக்காவுக்கு நோவட்டும்னு விடுவாளா?"

இந்த ஆண்டு என் ஆசியச் சமயப் பாடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். என் கணவர் ஒரு தறியில் பட்டை இறக்கிவிட்டு, "பருத்திப் பாவு ஏத்தட்டுமா?" என்று கேட்கிறார். யாருக்கென்று ஏற்றச் சொல்வது?