பார்வை: மிக நன்று

இன்று ஏற்காட்டு மலையில் ஓர் ஊரில் முதியோர் மருத்துவ முகாம். பள்ளியிலிருந்து உதவிக்குப் போன மாணவர்களில் எனக்கு, வருபவர்களிடம் கேட்டு உடல்நலப் படிவம் நிரப்பும் வேலை.

எஸ்டேட் வாட்ச்மேன் ஒருவர் வந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்.

"பார்வை எப்படிங்க ஐயா?"

"எனக்கென்ன சாமி, கழுகாட்டம் தெரியுது" என்றார், என் பக்கத்திலிருந்த தண்ணீர்க் கேனைப் பார்த்து.

"மோசம்னு எழுதினாத்தான் கண் டாக்டர் பார்ப்பாருங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தாளு எஸ்டேட்ல ஆள் கணக்கு எழுதற ரைட்டர் கைக்குப் போகுமா?"

"தெரியலைங்க."

"போச்சுன்னா வேலை போயிரும். எஸ்டேட் ஊட்டையும் காலி பண்ணோணும். ஊட்டுக்காரி நொம்ப நாளா படுத்த படுக்கையாக் கெடக்கறா. அவளை எங்க தூக்கிட்டுப் போவேன்? நல்லாருக்குதுன்னே எழுதிரு சாமி."

'மிக நன்று' என்று குறித்தேன்.

கண் டாக்டர் அடுத்த அறையில்தான் இருந்தார். அந்த அறையைத் தாண்டி, சுவரைப் பிடித்தபடி பெரியவர் வெளியே போனார்.

மாலையில் தாள்களைப் புரட்டிய டீச்சர், "மலைக்காத்துல வயசானவங்க எவ்வளவு நல்லா இருக்காங்க பாருங்க!" என்று மகிழ்ந்தார். நான் தலையாட்டினேன்.

நீங்களாக இருந்தால் எதைக் குறித்திருப்பீர்கள்? சொல்லுங்கள். எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். ரைட்டரும் ஃபேஸ்புக்கில் இருக்கிறார்.