ஐயோசாமியின் வலது தோள்

ஐயோசாமி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. கூட வேலை பார்த்த பெயின்டர்கள் வைத்தது. ஏணியில் ஏறும்போது ஒரு ஐயோ, இறங்கும்போது ஒரு ஐயோ, டீ சூடாக இருந்தால் ஒன்று, ஆறிப்போயிருந்தால் இரண்டு. ஆனால் அவர் வேலையைக் குறை சொல்ல இனிமேல் ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும். சீலிங் அடிப்பதில் மனிதர் மன்னன். அண்ணாந்தபடியே உப்புத்தாள் தேய்த்து, பட்டி பார்த்து, ரோலர் ஓட்டி முடித்தால் ஒரு கோடு, ஒரு திட்டு தெரியாது. மற்றவர்கள் கழுத்து போய்விடும் என்று சுவரோடு நின்றுகொள்வார்கள். கழுத்து போகிறதே என்று புலம்பிக்கொண்டே சீலிங்கை முடிக்கிறவர் இவர் ஒருவர்தான்.

வீட்டிலும் அதே கச்சேரிதான். குதிகால், இடுப்பு, இடது காது, கடைவாய்ப் பல் என்று தினம் ஒன்று மேடை ஏறும். மனைவிக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். "ம்", "அப்படியா", "தைலம் தேயுங்க" என்ற மூன்று பதில்களையே மாற்றி மாற்றிப் போட்டுக் காலத்தை ஓட்டிவிட்டாள். கல்யாணமான புதிதில் பதறியடித்து ஓடிவந்தவள்தான். புலி வருது, புலி வருது என்றால் எத்தனை தடவை ஓடுவாள், பாவம்?

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் ஒற்றைக் கையால் சட்டை மாட்டுவதை அவள் பார்த்துவிட்டாள். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. குடைந்து குடைந்து கேட்டதில், மூன்று மாதமாகவே அப்படித்தானாம். சீலிங் வேலை வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். தெருவுக்கே கேட்கும்படி குதிகாலைப் பாடிய மனிதர், தோளைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்கேனைப் பார்த்த எலும்பு டாக்டர், தோள் தசைநாரில் சுண்ணாம்பு மாதிரி படிந்து இறுகியிருக்கிறது என்றார்.

"வாழ்நாள் பூரா நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சேன். இப்ப எனக்கே அடிச்சிருக்கு பாரு," என்றார் ஐயோசாமி. டாக்டர் சிரிக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை ஷாக்வேவ் சிகிச்சை, முதலில் மூன்று வாரம் பார்ப்போம், ஒன்றும் அசையவில்லை என்றால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார். ஆபரேஷன் என்றால் பல மாதம் ஏணிப் பக்கமே போகக்கூடாது. அதற்கப்புறமும் கை முழுசாக எழும்பும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. எழும்பாவிட்டால் கடைசிவரை ஜன்னல் கம்பிதான்.

சிகிச்சை கொடுத்தது சின்ன வயசுப் பெண் ஒருத்தி. துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி, அதிலிருந்து மெஷினுக்கு ஒரு ஒயர். அதைப் பார்த்ததுமே ஐயோசாமிக்கு வேர்த்துவிட்டது.

"கரண்ட் எல்லாம் இல்ல சார், அதிர்வு மட்டும்தான். ஆனா சரியான இடத்துல படணும். அதிகமா வலிக்கிற இடம்தான் அது. வைக்க வைக்க எவ்வளவு வலின்னு பத்துக்கு ஒரு நம்பர் சொல்லுங்க," என்றபடி அவள் தோளில் ஜெல்லைத் தடவினாள்.

"பத்து!" என்று அலறினார். அது ஜெல்லின் குளிர்ச்சிக்கு.

கழுத்தோரம் வைத்தால் பத்து. தோளின் பின்பக்கம் பத்து. முன்பக்கம் பன்னிரண்டு. அந்தப் பெண்ணும் என்ன செய்வாள், வேகத்தைக் குறைத்துக்கொண்டு அங்கும் இங்கும் தடவித் தடவி நேரத்தை முடித்தாள். வெளியே முழங்கை வலிக்காகக் காத்திருந்த ஒருவர், உள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு ஓசைப்படாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டாவது வாரமும் அதே கூத்து. கை ஒரு விரல்கடை கூட மேலே போகவில்லை. அந்தப் பெண் வெளியே வந்து மனைவியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, எனக்கு இடமே பிடிபடல. எங்க வச்சாலும் ஒரே சத்தம். அடுத்த வாரம் நீங்களும் உள்ள வந்து உட்காருங்க. அப்பவாவது அடக்கி வாசிப்பாரான்னு பார்ப்போம்."

மூன்றாவது வாரம் மனைவி ஸ்டூலைப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெஷின் டக டகவென்று ஆரம்பித்தது. அவரும் ஆரம்பித்தார். ஐயோ கழுத்து. ஐயோ, ஏசி குளிருது. ஐயோ, தலையணைக்குள்ள என்ன கல்லா வச்சிருக்கீங்க? கைப்பிடி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

திடீரென்று அவளுக்கு என்னவோ போலிருந்தது. அவள் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். நாற்பது மெஷின் ஓடுகிற சத்தம் யார் காதிலும் விழாது. ஒன்று நின்றால் எல்லாத் தலையும் நிமிரும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தாடையை இறுக்கிக்கொண்டு மேலே வெறித்துக்கொண்டிருந்தார். இந்த முகத்தை அவள் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாள். ஏணியிலிருந்து விழுந்து விலா எலும்பு உடைந்த அன்று ஒரு தடவை. அவர் அம்மா போன அன்று ஒரு தடவை. சின்ன வலிக்குத்தான் இவருக்கு வாய். பெரிய வலி என்றால் பயத்தில் பூட்டு விழுந்துவிடும்.

அதற்குள் கைப்பிடி நகர்ந்துவிட்டது. ஐயோவும் திரும்பி வந்துவிட்டது.

"ஏம்மா, நில்லு நில்லு. இதுக்கு முன்னால வச்ச இடத்துக்குப் போ."

"அங்க சார் ஒண்ணுமே சொல்லலையேம்மா."

"அதைத்தான் சொல்றேன். இவர் கத்துற இடத்தை எல்லாம் விடு. வாய மூடுற இடத்துல வை."

வைத்தாள். அறையில் மெஷின் சத்தம் மட்டும்தான்.

"சார், பத்துக்கு எத்தனை?"

யாரிடமோ மாட்டிக்கொண்டவர் போல அவர் மெல்லச் சொன்னார். "ஏழு."

அத்தனை பத்துகளுக்கும் பன்னிரண்டுகளுக்கும் கலங்காதவளுக்கு, அந்த ஒரு 'ஏழு' காதில் விழுந்ததும் கண் நிறைந்துவிட்டது. மூன்று மாதம் இதை வைத்துக்கொண்டா பக்கத்தில் படுத்திருந்தார்? அவருடைய இடது கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் பேனாவால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, இரண்டாயிரம் அடி அடித்தாள். ஒரு ஐயோ கூட வரவில்லை.

இடம் கிடைத்துவிட்டது என்றதும் டாக்டர் இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக் கொடுத்தார். ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஏழு ஐந்தாகவும், ஐந்து இரண்டாகவும் மாதங்கள் ஆயின. கை முதலில் காது வரை போனது, பிறகு தலைக்கு மேல். கடைசியில் ஒரு வீட்டுச் சமையலறை சீலிங்கை ஒப்புக்கொண்டு கிளம்பிப் போனார்.

அன்று சாயங்காலம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். பேசாமல் வந்து பேசாமல் உட்கார்ந்துவிடுவாரோ என்று பயம்.

மாடிப்படியில் காலடி கேட்டது. "ஐயோ, இந்தப் படிக்கட்டைக் கட்டினவனை..."

அவளுக்கு உயிர் வந்தது.

புருவமெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு உள்ளே வந்தார். கழுத்து போச்சு. ஏணி ஆடுது. அந்த வீட்டு டீ கழுநீர் மாதிரி.

"தோளு?"

"தோளுக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கு. இத்தனை வருஷமா கத்துறேன், ஒரு நாளாவது காது குடுத்துக் கேட்டிருக்கியா நீ?"

"கேக்காமலா அன்னைக்கு நீங்க நிறுத்தினது எனக்குத் தெரிஞ்சுது?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பெயின்ட் காய்ந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் ஆனது. இன்னொரு நிமிடம் ஆனது.

அவள் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "என்னங்க, எங்க வலிக்குது?"